வடக்கன்குளம் தேவாலயமும் அதன் நடுச்சுவரும்

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் சிற்றூர்த் தேவாலயம் ஒன்றின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எச்சமயத்தையும் புகழ்வதோ இகழ்வதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. தீண்டாமை என்னும் கொடுமை ஒரு வழிபாட்டிடத்தில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் எவ்வாறு உருப்பெற்றது, பின்னர் எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்த பின் என்ன வடிவில் மீண்டும் தலையெடுத்தது என்பதை நம் இளைஞர்கள் ஆண்டுக் கணக்கோடு அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அரசர்களின் வெற்றிகள் கல்வெட்டுகளில் உள்ளன. செல்வர்களின் கொடைகள் செப்பேடுகளில் உள்ளன. நம் முன்னோரின் வாழ்வோ பெரும்பாலும் பிறர் எழுதி வைத்த நாட்குறிப்புகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும், குருமார்களின் கடிதங்களிலும் ஓரிரு வரிகளாகச் சிதறிக் கிடக்கின்றது. அவ்வரிகளைத் தேடிப் படிக்க வல்லவர்களை உருவாக்குவதும் கல்விப் பணியேயாகும்.

ஊரும் முதற்கோவிலும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த ஊர் வடக்கன்குளம். பனைமரங்கள் மிகுந்த வறண்ட நிலப்பகுதி அது. 1680-ஆம் ஆண்டளவில் நாடார் குலப் பெண்மணி ஒருவர் வேதத்தில் சேர்ந்ததோடு இவ்வூர்க் கத்தோலிக்க சபையின் வரலாறு தொடங்குகின்றது. 1685-இல் அங்கு முதற்கோவில் எழுந்தது. நாளடைவில் வேளாளர் குலத்தவரும் சபையில் சேர்ந்தனர். சேசு சபையாரின் மதுரை மிஷனைச் சார்ந்த குறிப்பிடத்தக்க ஊர்களுள் ஒன்றாக வடக்கன்குளம் வளர்ந்தது.

இம்மிஷனின் போக்கைச் சிறிது அறிந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவை விளங்கா. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி, காவியுடை தரித்து, புலால் நீக்கி, உயர்குலத்தாரிடையே வேதம் போதித்தார். சாதி என்பது உலகியல் வழக்கமே, சமயத்துக்கு முரணானதன்று என்பது அவர் கொண்ட நிலை. வேதத்தில் சேர்ந்தோர் பூணூலும் குடுமியும் சந்தனமும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் இசைவளித்தார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட குலத்தாருக்கெனப் பண்டார சாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டனர். நற்செய்தி ஒன்று, அதனைக் கூற வந்தவர்கள் இருவகையினர் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று. கோவிலில் நடுச்சுவர் எழுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்குரிய கடைக்கால் தோண்டப்பட்டுவிட்டது எனலாம்.

1745: இரு நிகழ்ச்சிகள்

1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வடக்கன்குளம் கோவிலில் ஒரு ஞானஸ்நானம் நடைபெற்றது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளை என்பார் சேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை தாங்கிய டச்சுக்காரரான டிலனாய் வழியாகவே அவர் கிறிஸ்தவத்தை அறிந்தார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் கலந்து பழகியதும் அவர்மீது எழுந்த பகைக்கு ஒரு காரணம் என்று திருச்சபை கூறுகின்றது. சிறையும் சித்திரவதையும் பட்டு, 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது.

அதே 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வடக்கன்குளத்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ள புதுச்சேரியில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. நம் இளைஞர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள சம்பா கோவிலில் நம்மவர்களைப் பிற சாதியாரிடமிருந்து பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடிக் குருவானவரிடம் சென்றனர். நாங்களும் உங்கள் சீடர்களாயின் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துவதே முறை என்று முறையிட்டனர். குருவானவர் அதனை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். முடிவில் சுவருக்குப் பதிலாக நாற்காலிகளைத் தடுப்பாக இட்டு இரு சாராரையும் மீண்டும் பிரித்தனர்.

இதனை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவரல்லர், நம்மவர்பால் பரிவு கொண்டு எழுதியவருமல்லர். நகரில் நடந்த செய்தியாகவே தம் நாட்குறிப்பில் இதனைப் பதிந்தார். எனினும் அவ்வேட்டின் வழியாக நமக்கு ஓர் உண்மை கிடைத்துள்ளது. ஏறத்தாழ இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறிவு மறுக்கப்பட்ட நம் முன்னோர், எவரும் தலைமை தாங்க வருமட்டும் காத்திராமல், தாமே திரண்டு சென்று சமத்துவம் கேட்டனர். சுவர் வீழ்ந்த இடத்தில் நாற்காலி வந்து நின்றது என்பதும் அவ்வேட்டிலிருந்தே நாம் பெறும் பாடமாகும்.

இதற்கு முந்தைய ஆண்டில்தான், 1744-இல், பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் மலபார் வழக்கங்கள் பற்றிய நெடுங்கால விவாதத்துக்கு முடிவு கூறும் ஆணையை வெளியிட்டிருந்தார். ஒடுக்கப்பட்டோரின் இல்லங்களுக்குச் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை வழங்க மறுத்தலாகாது என்பது அவ்விவாதத்தின் முக்கியக் கூறு. ஆயினும் நம்மவர்க்கெனத் தனிக் குருமாரை நியமிக்கலாம் என்ற ஏற்பாட்டுக்கும் அப்போது இடம் தரப்பட்டது. ஒரு கை திறந்த கதவை மறு கை ஒருக்களித்தது.

இரு கால்கள் கொண்ட கோவில்

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1814-இல் அது மீண்டும் நிறுவப்பட்டபின், 1838-இல் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபையார் மதுரை மிஷன் பணியை மீண்டும் மேற்கொண்டனர். இதற்குள் வடக்கன்குளத்தில் வேளாளர்க்கும் நாடார்க்கும் இடையே பிணக்கு முற்றியிருந்தது. கோவிலில் யார் எங்கே அமர்வது என்பது வழிபாட்டைக் காட்டிலும் பெரிய காரியமாயிற்று.

இப்பிணக்கைத் தீர்க்கக் கண்ட வழி விந்தையானது. 1872-இல் எழுந்த கோவிலில் ஒரே பீடத்தை நோக்கி இரு தனிக் கூடங்கள் அமைந்தன. கால்சட்டையின் இரு கால்கள் இடுப்பில் வந்து சேர்வதுபோல, அவ்விரு கூடங்களும் பீடத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று வேளாளர் முதலியோர்க்கு, மற்றொன்று நாடார்க்கு. இடையே சுவர். இதனால் அதற்குக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர் ஏற்பட்டது.

இவ்வமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூசை ஒன்று, குருவானவர் ஒருவர், உயர்த்திக் காட்டப்படும் அப்பமும் ஒன்று. அதனை வணங்குவோர் மட்டும் இரு கூறாயினர். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று போதிக்கும் மறையுரை, சுவரின் இருபுறமும் ஒரே வேளையில் கேட்டது. கட்டடக் கலையின் திறமையெல்லாம் மனிதனை மனிதன் தொடாதிருக்கச் செய்வதில் செலவழிந்தது. வழிவழியாக வந்த வழக்கம் என்று பொதுவாகப் பேசுகிறோமே, அவ்வழக்கத்துக்கும் திட்டமிட்டவர் உண்டு, கொத்தனார் உண்டு, கட்டி முடித்த ஆண்டு உண்டு என்பதை வடக்கன்குளம் காட்டுகின்றது.

சுவர் வீழ்ந்தது

முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதனைச் செய்தவர் அங்குப் பணிபுரிந்த சேசு சபைக் குரு அதிரியான் கௌசானல் அடிகளார். வேளாளர் தரப்பார் நீதிமன்றம் சென்றனர். தாங்கள் தனிப் பிரிவினர், கோவிலில் தங்களுக்குத் தனியிடம் உண்டு, அதில் நாடார் நுழைதல் கூடாது என்பது அவர்களது கோரிக்கையின் சாரம். வழக்கு மெட்ராஸ் உயர்நீதிமன்றம் வரை சென்றது. மேற்றிராணியார் பார்த் அவர்களுக்கு எதிரான அவ்வழக்கில் வேளாளர் தரப்பு தோல்வியுற்றது. அத்தீர்ப்பு 1917-ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீர்ப்புத் திரட்டில் அச்சாகியுள்ளது. தீட்டு என்னும் கொள்கைக்குக் கிறிஸ்தவ சமயத்தில் இடமில்லை, ஆதலின் பிறர் வருகையால் தீட்டு உண்டாகும் என்பதை உரிமையாகக் கொண்டு கிறிஸ்தவர் ஒருவர் வழக்காட இயலாது என்பதே அதன் கருத்து.

இத்தீர்ப்பின் அருமையை உணர, அதற்குச் சற்று முன் நடந்த வேறொரு வழக்கை அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1897-இல் இராமநாதபுரம் சமஸ்தானத்துக் கமுதியில் நாடார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் சென்று வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் நாடார் தோற்றனர். இறுதியில் 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அங்கே பழைய வழக்கமே சட்டமாயிற்று. பத்தாண்டு கழியுமுன், வடக்கன்குளத்தில் அதே பழைய வழக்கம் சட்டத்தின் முன் நிற்கவில்லை. மாகாணமும் உயர்நீதிமன்றமும் ஒன்றே. வழிபாட்டிடம் எச்சமயத்தைச் சார்ந்தது என்பதே வேற்றுமை. இந்துக் கோவில்களின் கதவுகளைச் சட்டம் திறக்க 1939-ஆம், 1947-ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மவர் எங்கே?

இவ்வளவும் படித்த பின் நம் உள்ளத்தில் இயல்பாக ஒரு வினா எழும். இந்த வழக்கில் நம்மவர் எங்கே? வழக்குத் தொடுத்தவர்கள் வேளாளர். எதிர்நின்றவர்கள் மேற்றிராணியாரும் குருமாரும் நாடாரும். சாதியைப் பற்றிய வழக்கில், சாதியால் மிக அதிகமாக நசுக்கப்பட்ட மக்களின் குரல் வழக்காடுவோர் குரலாக எழவில்லை. ஏனெனில், வழக்காடுவதற்குப் பொருள் வேண்டும்; எழுத்து வேண்டும்; ஊரை எதிர்த்து நின்ற பின்னும் மறுநாள் உலை வைக்கச் சொந்தமாய் ஒரு காணி நிலமேனும் வேண்டும். நாடார் பெருமக்கள் தாமும் இழிவுபடுத்தப்பட்ட நாட்களிலேயே வாணிகத்தாலும், சங்கங்களாலும், பள்ளிகளாலும் தம்மை உயர்த்திக்கொண்டனர். அவர்கள் வழக்கில் உறுதியுடன் நிற்க முடிந்தது அதனாலேயாகும். இதனைப் பொறாமையின்றிப் பார்த்து நாம் பாடம் கற்றல் வேண்டும்.

நம்மவர் குரல் சிறிது பின்னர், சைமன் குழு இந்தியாவுக்கு வந்த காலத்தில் ஒலித்தது. தென்னிந்திய ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் அக்குழுவுக்கு ஒரு மனு அளித்தனர். சமயம் மாறியும் தீண்டாமை தங்களை விட்டு நீங்கவில்லை, திருச்சபைக்கு உள்ளும் புறமும் தாங்கள் பழைய நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளோம் என்று அதில் எடுத்துரைத்தனர். அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவமும் தீண்டப்படாதோரும் பற்றி எழுதிய கட்டுரையில் இம்மனுவை எடுத்தாண்டுள்ளார். புதுச்சேரியில் வாய்மொழியாய் எழுந்த முறையீடு, இங்கே எழுத்தாகி நின்றது.

மீண்டும் ஒரு நாற்காலி

வடக்கன்குளம் வழக்கில் சுவரை வீழ்த்திய வாதம் யாது? கிறிஸ்தவத்தில் சாதியில்லை என்பதாம். அன்று நீதியின் பக்கம் நின்ற அவ்வாதமே பின்னர் நம்மவர்க்கு எதிராய்த் திரும்பியது என்பது வரலாற்றின் கொடுமை. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (அட்டவணைச் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராதவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்று விதித்தது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் இவ்விதி தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவர்க்கும் இசுலாமியர்க்கும் தளர்த்தப்படவில்லை. உங்கள் சமயத்தில் சாதியில்லையே, பின் சாதியால் வந்த இழிவுக்கு ஈடு கேட்பது எங்ஙனம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்னும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் இவ்விதியை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றார். அத்தொழிலாளர்களுக்கு அரசுத் திட்டத்தின்கீழ் இலவசமாய் வழங்கப்பட்ட கடைப்பெட்டி, அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985-இல் உச்சநீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளியது. சமயம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கின்றது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்றது. அன்பார்ந்த இளைஞர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். கொடுமை இல்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. சான்று இல்லை என்றே கூறிற்று. தனிக் கல்லறையும், தனி வரிசையும், தேர் வாராத தெருவும் தலைமுறை தலைமுறையாய் நம்மவர் கண்ட உண்மைகள். அவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

2007-இல் நீதியரசர் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அம்மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை ஏடு ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதைத் தானே ஒப்புக்கொண்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். பிள்ளை என்ற சாதிப் பட்டம் அவர் பெயரிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்ற முறையீடு முன்பே எழுந்து, அப்பட்டமின்றியே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினாலாகப் பதவியேற்றார். அக்டோபரில், சமயம் மாறிய தலித் மக்களின் நிலையை ஆராய நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இவற்றுள் ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனையோ மனுக்களும் கூட்டங்களும் நடைப்பயணங்களும் உள்ளன.

நாம் செய்ய வேண்டுவது

மூன்று நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்ப்போமானால் ஓர் உண்மை விளங்கும். சுவர் தானே இற்று விழுந்ததாக எங்கும் செய்தியில்லை. புதுச்சேரியில் மக்கள் கேட்டனர், அதனால் வீழ்ந்தது. வடக்கன்குளத்தில் ஒருவர் துணிந்தார், நீதிமன்றம் துணை நின்றது, அதனால் வீழ்ந்தது. ஆனால் வீழ்ந்த சுவரின் இடத்தில் நாற்காலியோ சட்டத்தின் பத்தியோ ஓசையின்றி வந்து அமர்ந்துவிடுகின்றது. இடிப்பதற்கு வேண்டிய துணிவைப் போலவே, இடித்த இடத்தைக் காப்பதற்கு வேண்டிய அறிவும் இன்றியமையாதது. அவ்வறிவைத் தருவதே கல்வி.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் இளைஞர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள வழிபாட்டிடத்தின் வரலாற்றை, அது தேவாலயமாயினும் அம்மன் கோவிலாயினும், எழுதத் தொடங்குங்கள். கல் சுமந்தவர் யார், முதற்பிடி அரிசி கொடுத்த வீடு எது, மணியடித்தவர் எங்கே குடியிருந்தார், கல்லறைத் தோட்டத்தில் வேலி எந்த ஆண்டு போடப்பட்டது, தேர் எந்தத் தெருவோடு திரும்பியது என்று முதியோரிடம் கேளுங்கள். கேட்டதைக் கேட்ட நாளோடும், கூறியவர் வயதோடும் குறித்து வையுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தையும் நிலப் பத்திரத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பாட்டனார்களுக்குப் பேசும் துணிவு இருந்தது, எழுதும் வாய்ப்பு இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

நாளை ஒரு நீதிமன்றம் சான்று எங்கே என்று மீண்டும் கேட்குமாயின், நம் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்றலாகாது.